அரபஹோ மக்களும் ஒரு கத்தோலிக்க மிஷன் பள்ளியும்: எளிய அறிமுகம்

அமெரிக்கப் பழங்குடிக் குழந்தைகளுக்காக நடத்தப்பட்ட பழைய உறைவிடப் பள்ளிகளைப் பற்றி இப்போது தமிழிலும் நிறையப் பேசுகிறோம். 2021இல் கனடாவின் காம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில் பிள்ளைகளின் அடையாளமற்ற புதைகுழிகள் இருக்கலாம் என்ற செய்தி வந்தபின் இந்தப் பேச்சு இன்னும் கூடியது. பேசவேண்டிய விஷயம்தான். ஆனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறோம். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிடுங்கி அடைத்துவைத்த இடங்கள் என்கிறது ஒரு தரப்பு. பாதிரியார்கள் எங்கும் நடத்திய பள்ளிகள் போலத்தானே, எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறது இன்னொரு தரப்பு. இந்த அவசரத்தில் ராணுவ அதிகாரி நடத்திய பள்ளி, அரசு நடத்திய பள்ளி, சபை நடத்திய பள்ளி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும் தலைவர்களும் என்ன யோசித்தார்கள், எதற்காகப் பேரம் பேசினார்கள் என்பது பேச்சிலேயே வருவதில்லை.

ஆகவே ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், விண்ட் ரிவர் என்ற ஆற்றுப் பகுதியில், அரபஹோ மக்களிடையே 1884இல் தொடங்கிய செயின்ட் ஸ்டீபன்ஸ் மிஷனும் அதன் பள்ளியும். இதை நிதானமாகப் பார்த்தால் 'மிஷன் பள்ளி' என்ற ஏற்பாடு எப்படி இயங்கியது என்பது பிடிபடும்.

## தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம்

தமிழ்நாட்டில் 'அரசு உதவி பெறும் பள்ளி' என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கட்டடமும் நிர்வாகமும் ஒரு சபையுடையதாகவோ அறக்கட்டளையுடையதாகவோ இருக்கும். ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வரும். அமெரிக்க மிஷன் பள்ளிகள் பலவும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கின. சபை கட்டடம் எழுப்பி, கன்னியரையும் பாதிரியார்களையும் ஆசிரியர்களாக வைக்கும். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு இவ்வளவு டாலர் என்று அரசு ஒப்பந்தம் போட்டுப் பணம் தரும். இப்படி நடந்த பள்ளிக்கு ஒப்பந்தப் பள்ளி என்று பெயர்.

ஒப்பீடு இதற்கு மேல் செல்லாது. நம் ஊரில் ஒரு பள்ளி பிடிக்கவில்லை என்றால் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கலாம், யாரும் அரிசியை நிறுத்த மாட்டார்கள். விண்ட் ரிவரில் நிறுத்த முடியும், அதற்குச் சட்டமே இருந்தது. பணம் கொடுத்த அரசு அந்த மக்களின் நிலத்தை எடுத்துக்கொண்ட அரசு. பிள்ளைகளின் மொழியையும் சடங்கையும் ஒழிக்க வேண்டும் என்பது அந்த அரசின் அறிவிக்கப்பட்ட கொள்கை.

சுருக்கமாக: மிஷன் பள்ளி என்பது சபை, அரசு, பழங்குடி மக்கள் என்ற மூன்று தரப்பு சேர்ந்த ஏற்பாடு. மூவருக்கும் நோக்கம் வேறு வேறு.

## அரபஹோ மக்கள் விண்ட் ரிவருக்கு வந்தது எப்படி

அரபஹோ மக்கள் பெரும்புல்வெளிகளில் காட்டெருமை மந்தைகளைத் தொடர்ந்து வாழ்ந்தவர்கள். அவர்கள் மொழி அல்காங்கியன் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக் ஓரத்தில், அமைதியாக முகாமிட்டிருந்த ஷையன், அரபஹோ மக்களைப் படைவீரர்கள் தாக்கிக் கொன்றார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். பின்னர் தென் அரபஹோ மக்கள் இன்றைய ஓக்லஹோமா பக்கம் அனுப்பப்பட்டார்கள். வட அரபஹோ மக்களுக்குச் சொந்தமென்று ஒரு ரிசர்வேஷன்கூட இல்லாமல் போனது. ரிசர்வேஷன் என்றால் ஒரு பழங்குடிக்கென அரசு ஒதுக்கிய நிலப்பகுதி. நிலம் குறுகியது, அதன் மேல் அரசு அதிகாரி ஒருவரின் ஆட்சி நடக்கும். அந்த அதிகாரியை ஏஜென்ட் என்பார்கள்.

வட அரபஹோ தலைவர்கள் கெட்டிக்காரர்கள். அமெரிக்கப் படைக்கு வழிகாட்டிகளாகப் பணிபுரிந்து, அந்த நல்லெண்ணத்தைக் கொண்டு தங்களுக்கு ஓர் இடம் கேட்டார்கள். பிளாக் கோல், ஷார்ப் நோஸ் என்ற தலைவர்கள் 1877இல் வாஷிங்டன் வரை போய்ப் பேசினார்கள். அடுத்த ஆண்டு, 1878இல், அவர்களை விண்ட் ரிவரில் கொண்டுவந்து இறக்கினார்கள். சிக்கல் என்னவென்றால் அது 1868 ஒப்பந்தப்படி ஷோஷோனி மக்களின் ரிசர்வேஷன். ஷோஷோனிகளும் அரபஹோக்களும் பழைய எதிரிகள். தற்காலிகம் என்று சொல்லி வந்தவர்கள் அங்கேயே நிலைத்தார்கள். கேட்காமல் எங்கள் நிலத்தில் வேறொரு மக்களைக் குடியேற்றினீர்கள் என்று ஷோஷோனிகள் தொடுத்த வழக்கில், அவர்களுக்கு இழப்பீடு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1938இல் உறுதிசெய்தது.

இந்தப் பின்னணி இல்லாமல் பள்ளிக் கதை புரியாது. ஏறத்தாழ ஆயிரம் பேர், அடுத்தவர் நிலத்தில், எப்போது கிளப்பிவிடுவார்களோ என்ற பயத்தோடு இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்குள் காட்டெருமைகளும் அழிந்துவிட்டன. சாப்பாட்டுக்கு அரசு தரும் மாட்டிறைச்சியையும் மாவையும் நம்பியிருக்கிறார்கள். இந்த நிலையில் 'எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி வேண்டும்' என்று ஒரு தலைவர் சொன்னால், அதற்குப் பல அர்த்தங்கள் இருக்கும்.

## கார்லைல்: தூரத்துப் பள்ளியின் விலை

மிஷன் பள்ளிக்கு முன்பே அரபஹோ குடும்பங்களுக்கு வேறொரு பள்ளி அறிமுகமாகிவிட்டது. ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879இல் பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளியைத் தொடங்கினார். பழைய படைமுகாம் ஒன்றில் நடந்த அரசுப் பள்ளி அது. பிள்ளையை வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் பிரிக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் அவன் மாறுவான் என்பது அவருடைய வழிமுறை. முடி வெட்டி, சீருடை போட்டு, புதுப்பெயர் வைத்து, ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னார்கள்.

1881 மார்ச்சில் விண்ட் ரிவரிலிருந்து அரபஹோ பிள்ளைகள் சிலர் அங்கே போனார்கள். அவர்களில் லிட்டில் சீஃப், ஹார்ஸ், லிட்டில் ப்ளூம் என்ற மூன்று சிறுவர்கள் உண்டு. லிட்டில் சீஃப் தலைவர் ஷார்ப் நோஸின் மகன். கார்லைலில் அவனுக்கு வைத்த பெயர் டிக்கன்ஸ் நோர். மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் மூன்று பேரும் இறந்துபோனார்கள். உடல்கள் ஊருக்கு வரவில்லை, பள்ளிக் கல்லறையிலேயே புதைத்தார்கள். 2017இல்தான் வட அரபஹோ மக்களின் விடாத கோரிக்கையால் ராணுவம் அந்தக் குழிகளைத் தோண்டியது. இரண்டு சிறுவர்கள் அந்த ஆண்டே ஊர் திரும்பினார்கள். லிட்டில் ப்ளூமின் பெயர் இருந்த குழியில் வேறு எலும்புகள் கிடந்தன. அவனைத் தேடிக் கண்டுபிடித்து அடுத்த ஆண்டு கொண்டுவந்தார்கள்.

தேதிகளைக் கவனியுங்கள். அந்தச் சாவுகள் 1882, 1883 ஆண்டுகளில் நடந்தவை. கத்தோலிக்கப் பாதிரியார் விண்ட் ரிவருக்கு வந்தது 1884இல்.

## கூடாரம் போட்ட பாதிரியார்

அவர் பெயர் ஜான் யூட்ஸ், ஆஸ்திரியாவில் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப்ஸ், சென்னை லயோலா கல்லூரிகளை நடத்தும் அதே இயேசு சபையைச் சேர்ந்தவர். ஒமாஹா ஆயர் ஜேம்ஸ் ஓ'கானரின் முயற்சியில் வந்த அவர், பிளாக் கோலின் முகாமுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டார். பிளாக் கோல் அவரை வரவேற்றார். இன்றைய ரிவர்டன் நகருக்குச் சில மைல் தெற்கே, லிட்டில் விண்ட் ரிவர் ஓரத்தில் மிஷன் அமைந்தது.

யூட்ஸ் வருவதற்கு முன்பே அங்கே வேறொரு சபை இருந்தது. அதிபர் கிராண்ட் 1869 முதல் நடத்திய கொள்கைப்படி ஒவ்வொரு ரிசர்வேஷனையும் ஒரு கிறிஸ்தவ சபைக்கு ஒப்படைத்தார்கள். கத்தோலிக்கர்களுக்குக் கிடைத்தவை மிகச் சில. விண்ட் ரிவர், ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோபல் சபையின் பங்கு. அந்தச் சபையின் ஜான் ராபர்ட்ஸ், வேல்ஸ் நாட்டுக்காரர், 1883இல் வந்து ஷோஷோனி தலைவர் வாஷாக்கியின் பக்கம் பணியைத் தொடங்கிவிட்டார். ஏஜென்ட்டின் அலுவலகமும் அந்தப் பக்கம்தான்.

இப்போது பிளாக் கோலின் இடத்தில் நின்று பாருங்கள். ஏஜென்ட் ஷோஷோனிகளுக்கு அருகில், முதலில் வந்த மிஷனும் அவர்களுக்கு அருகில். தன் மக்களுக்கு அந்த நிலத்தில் உரிமை இருக்கிறது என்று காட்ட, தங்கள் பக்கத்தில் நிலையான ஒரு கட்டடம் எழும்புவது நல்லது. வெள்ளையர் உலகில் தங்களுக்காகக் கடிதம் எழுதிப் பேச ஒருவர் இருப்பதும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளி பக்கத்தில் இருந்தால் பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம், நோய் வந்தால் தெரியும், செத்தால் சொந்த மண்ணில் புதைக்கலாம். ஷார்ப் நோஸின் மகன் கார்லைலில் இறந்தபின் எடுத்த முடிவு இது என்பதை மறந்துவிட்டு, 'அவர்களே விரும்பித்தான் அழைத்தார்கள்' என்று சொல்வது நேர்மையில்லை. அழைத்தார்கள் என்பது உண்மை. எந்த வழிகளுக்கு நடுவே நின்று அழைத்தார்கள் என்பதும் சேர்ந்துதான் உண்மை.

பள்ளி உடனே வந்துவிடவில்லை. யூட்ஸ் ஓரிரு ஆண்டுகளில் டகோட்டா பக்கம் போய், லகோட்டா மக்களிடையே புதிய மிஷன்களைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் 1888 வாக்கில் செங்கல் கட்டடத்தை எழுப்பினார்கள். முதலில் கன்சாஸிலிருந்து கன்னியர் வந்தார்கள். 1890களில் பிலடெல்பியாவின் பிரான்சிஸ்கன் சகோதரிகள் பொறுப்பேற்றார்கள். நீண்ட காலம் அங்கே பாடம் எடுத்தவர்கள் அவர்கள்தான். பிளாக் கோல் 1893இல் இறந்தார்.

சுருக்கமாக: மிஷன் தானாக வந்து திணிக்கப்பட்டதும் இல்லை, சுதந்திரமான ஒரு சமூகம் யோசித்துத் தேர்ந்தெடுத்ததும் இல்லை. நெருக்கடியில் இருந்த தலைவர்கள், இருந்த வழிகளில் சேதம் குறைந்ததைப் பிடித்துக்கொண்டார்கள் என்றே நான் படிக்கிறேன்.

## பணம் யாருடையது?

குழப்பம் அதிகமாக இருக்கும் பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

மிஷன் பள்ளிகளுக்கு இரண்டு பக்கமிருந்து பணம் வந்தது. ஒன்று நன்கொடை. பிலடெல்பியாவின் பெரும் வங்கிக் குடும்பத்தில் பிறந்த கேத்தரின் டிரெக்ஸல், தந்தை 1885இல் இறந்தபின் தனக்கு வந்த செல்வத்தை இத்தகைய மிஷன்களுக்குக் கொடுத்தார். செயின்ட் ஸ்டீபன்ஸும் அந்த உதவியைப் பெற்றது. பின்னர் அவரே கன்னியராகி 1891இல் ஒரு துறவற சபையைத் தொடங்கினார். 2000இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இன்னொன்று, முன்பு சொன்ன அரசு ஒப்பந்தம். 1880களில் கத்தோலிக்கப் பள்ளிகள் மற்ற சபைகளைவிட அதிகமாக இந்தப் பணத்தைப் பெற்றன. புராட்டஸ்டன்ட் பெரும்பான்மை கொண்ட நாட்டில் இது எரிச்சலைக் கிளப்பியது. மதப் பள்ளிக்கு வரிப்பணமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதைக் கேட்டவர்கள் பலரிடம் கத்தோலிக்க வெறுப்பும் கலந்திருந்தது. 1890களின் நடுவிலிருந்து நாடாளுமன்றம் தொகையைப் படிப்படியாகக் குறைத்து, 1900 வாக்கில் அடியோடு நிறுத்தியது.

அப்புறம் வந்த திருப்பம்தான் சுவாரசியம். பழங்குடிகள் நிலம் கொடுத்ததற்கு ஈடாக ஒப்பந்தங்கள் மூலம் அவர்களுக்குச் சேரவேண்டிய தொகைகளை அரசு தன் கையில் வைத்திருந்தது. அதற்கு அறக்காப்பு நிதி என்று பெயர்; பணம் பழங்குடிகளுடையது, பெட்டிச்சாவி அரசிடம். பெற்றோர் கேட்டுக்கொண்டால் அந்த நிதியிலிருந்து மிஷன் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிகாரிகள் அனுமதித்தார்கள். லகோட்டா மக்களின் ரோஸ்பட் ரிசர்வேஷனில் ரூபன் குவிக் பேர் என்பவரும் வேறு சிலரும் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அங்கிருந்த பள்ளி, வயோமிங்கிலிருந்து போன யூட்ஸ் தொடங்கிய மிஷன்களில் ஒன்று. இது வரிப்பணம் இல்லை, அந்த மக்களின் சொந்தப் பணம், அதைத் தம் விருப்பப்படி மதப் பள்ளிக்குச் செலவிடத் தடையில்லை என்று 1908இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே 'சபை இலவசமாகக் கல்வி கொடுத்தது' என்ற வாக்கியத்தை அப்படியே ஏற்க முடியாது. கன்னியரின் உழைப்பும் நன்கொடையும் உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்க மிஷன் பள்ளிகளின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதிச் செலவு, இழந்த நிலத்துக்குப் பதிலாக வந்த பழங்குடிப் பணத்திலிருந்து போனது.

## கட்டாயம் எங்கிருந்து வந்தது

கன்னியருக்குப் பிள்ளைகளைப் பிடித்துவரும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் அரசுடையது. பழங்குடிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைக்க விதிகள் செய்யலாம் என்று 1891இல் ஒரு சட்டம் வந்தது. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு உணவும் துணியும் நிறுத்தலாம் என்று 1893 சட்டம் சொன்னது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வேறு மாநிலத்துப் பள்ளிக்கு அனுப்பக்கூடாது என்று 1894இல் ஒரு கட்டுப்பாடு வந்தது. கார்லைல் போன்ற பள்ளிகளுக்கு இது ஒரு கடிவாளம். ஆனால் ஏதோ ஒரு பள்ளிக்கு அனுப்பியே தீரவேண்டும் என்ற நெருக்கடி தீரவில்லை.

இதே காலத்தில் சூரிய நடனம் போன்ற சடங்குகளையும் 1883 விதிகள் குற்றமாக்கியிருந்தன. அந்தத் தடை 1934இல்தான் விலகியது. பிள்ளைக்குப் பள்ளி கட்டாயம், பெற்றோருக்குச் சடங்கு தடை; இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அழுத்தத்தின் முழு அளவு தெரியும்.

## பள்ளிக்குள் என்ன நடந்தது

அந்தக் காலத்து உறைவிடப் பள்ளிகளில் அரைநாள் முறை பொதுவானது. பாதி நாள் வகுப்பு, மீதி நாள் வேலை. பையன்களுக்கு வயலும் மாடும் தச்சும். பெண்களுக்குச் சமையலும் துணி வெளுப்பதும் தைப்பதும். தொழிற்கல்வி என்று இதற்குப் பெயர் சொன்னாலும், பிள்ளைகளின் உழைப்பு இல்லாமல் பள்ளிகள் ஓடியிருக்காது. அரசு உறைவிடப் பள்ளிகளை ஆராய்ந்த 1928ஆம் ஆண்டின் மெரியம் அறிக்கை, ஒரு பிள்ளையின் ஒரு நாள் சாப்பாட்டுக்குச் சராசரியாக 11 சென்ட் ஒதுக்கப்பட்டதை வெளிக்கொண்டுவந்தது.

ஆனால் அரபஹோ மக்களைப் பொறுத்தவரை ஆழமான இழப்பு வேறிடத்தில் நடந்தது என்று நினைக்கிறேன். அவர்கள் சமூகத்தில் அறிவு வயதோடு கட்டப்பட்டிருந்தது. ஆண்கள் வயதுக்கு ஏற்ப ஒரு குழுவிலிருந்து அடுத்த குழுவுக்கு ஏறிப் போவார்கள். ஒவ்வொரு படிக்கும் தனிச் சடங்கு, தனிப் பொறுப்பு, அந்த வயதுக்குரிய அறிவு. உச்சியில் ஏழு முதியவர்கள். மக்களின் மிகப் புனிதமான பொருட்களும் பிரார்த்தனைகளும் அவர்கள் பொறுப்பில் இருந்தன. எதையும் முன்கூட்டிக் கேட்கக்கூடாது, பொறுமையாக, மரியாதையோடு, கொடுத்துப் பெறவேண்டும். அறிவு உடலோடும் உறவோடும் சேர்ந்து பல பத்தாண்டுகளில் வளரும்.

பள்ளி இதைத் தலைகீழாக்கியது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும், ஏஜென்ட்டின் கடிதத்தைப் படிக்கத் தெரியும். எழுபது வயதுப் பெரியவருக்குத் தெரியாது. உறைவிடத்தில் இருக்கும் மாதங்களில் அந்தப் பிள்ளை பெரியவர்கள் அருகில் உட்கார்ந்து கேட்கும் நேரத்தை இழக்கிறது. அடித்துத் திருத்தினார்களா இல்லையா என்ற கேள்வியோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. அன்பான ஆசிரியர் இருந்த வகுப்பறையிலும் இந்த இழப்பு நடந்துகொண்டேதான் இருந்தது.

எல்லாம் ஒரே திசையில் போய்விடவும் இல்லை. பல குடும்பங்கள் ஞானஸ்நானமும் பெற்றன, அரபஹோ மக்கள் புனிதமாகப் போற்றும் புகைக்குழாய்க்குரிய மரியாதையையும் விடவில்லை. செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்தின் சுவர்களில் இன்று அரபஹோ வடிவக்கோலங்கள் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. அழிக்க நினைத்ததைச் சபையே பின்னர் தன் சுவரில் ஏற்றுக்கொண்டது எளிய விஷயமில்லை. அந்த மாற்றத்துக்காக உழைத்தவர்கள் அரபஹோ கத்தோலிக்கர்கள்.

சுருக்கமாக: பள்ளி எழுத்தறிவு தந்தது உண்மை. அதற்கு ஈடாகப் போனது மொழியும், முதியவர்களிடமிருந்து படிப்படியாகப் பெறும் கல்வி முறையும்.

## பள்ளி கைமாறியது

1975 ஜனவரியில் அமெரிக்காவில் பழங்குடித் தன்னாட்சி மற்றும் கல்வி உதவிச் சட்டம் வந்தது. அரசு தங்களுக்காக நடத்தும் கல்வி, மருத்துவம் போன்ற பணிகளைப் பழங்குடிகளே ஒப்பந்தம் போட்டு எடுத்து நடத்தலாம் என்பது அதன் சாரம். அதே எழுபதுகளின் நடுவில் செயின்ட் ஸ்டீபன்ஸ் பள்ளி சபையின் கையிலிருந்து உள்ளூர்ப் பழங்குடிக் கல்வி அமைப்பின் கைக்கு வந்தது. பழைய ஒப்பந்தம் அரசுக்கும் சபைக்கும் இடையில் இருந்தது. புதிய ஒப்பந்தம் அரசுக்கும் அந்த மக்களுக்கும் இடையில். இன்றும் பள்ளி இயங்குகிறது. பக்கத்தில் ஆலயம் கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் இருக்கிறது, பள்ளியை அது நடத்துவதில்லை.

மொழியின் நிலைமை கடினம். அரபஹோ மொழியைத் தடையில்லாமல் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். 2008இல் விண்ட் ரிவரில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அரபஹோ மொழியிலேயே எல்லாம் சொல்லித்தரும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள்.

கணக்குக் கேட்கும் வேலையும் தாமதமாகவே தொடங்கியது. அமெரிக்க உள்துறை 2022இலும் 2024இலும் அறிக்கைகள் வெளியிட்டது. கூட்டாட்சி அரசு நடத்திய அல்லது ஆதரித்த உறைவிடப் பள்ளிகள் 417 என்றும், அவற்றில் குறைந்தது 973 பிள்ளைகள் இறந்தார்கள் என்றும் இரண்டாவது அறிக்கை சொன்னது. 2024 ஜூனில் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் தங்கள் பங்குக்கு மன்னிப்புக் கேட்டார்கள். அக்டோபரில் அப்போதைய அதிபர் பைடன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். கத்தோலிக்க ஆய்வாளர்களும் ஆவணக் காப்பாளர்களும் பழங்குடியினரும் சேர்ந்து தொகுத்த தனிப் பட்டியலில், 22 மாநிலங்களில் கத்தோலிக்கச் சபைகள் நடத்திய 87 உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன.

கத்தோலிக்கப் பழங்குடி மிஷன்களின் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் மில்வாக்கி நகரின் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகக் காப்பகத்தில் ஏராளமாக உள்ளன. மற்ற பதிவேடுகள் பல துறவற சபைகளின் மடங்களிலும் மறைமாவட்ட அலுவலகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. எந்தப் பிள்ளை எந்த ஆண்டு சேர்ந்தது, எப்போது வீடு திரும்பியது அல்லது திரும்பவில்லை என்பதைக் குடும்பங்கள் அங்கிருந்துதான் பெயர் பெயராகத் தேடி எடுக்கவேண்டும். பெயரும் மாற்றப்பட்டிருப்பதால், பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் ஒரு டிக்கன்ஸ் நோர் தங்கள் வீட்டு லிட்டில் சீஃப்தான் என்று அடையாளம் சொல்ல, அந்தக் குடும்பங்களின் நினைவு தேவைப்படுகிறது.